சிவசாமியின் காதும் மாப்பிள்ளையின் வண்டியும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் பிட்டர் வேலை பார்க்கும் சிவசாமிக்கு மெஷின் சத்தம் கேட்கும்; மனுஷர் சத்தம் கேட்காது. குறை சொல்வதற்காக இதை நான் சொல்லவில்லை. பதினெட்டு வருஷமாக அதே பெக்டரியில் கிளாக்கராக இருந்து, ஒரு பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

கொழுந்து அரைக்கும் ரோலர்கள் நான்கும் ஒரே நேரத்தில் ஓடும்போது எனக்கெல்லாம் ஒரே இரைச்சல்தான். சிவசாமிக்கு அது நாலு பேர் பேசுகிற பேச்சு. தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "மூணாவதுக்கு பேரிங் வறண்டு போச்சு" என்பான். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையை மெஷினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். அந்த நேரத்தில் தோட்டத்து மேனேஜர் துரையே வந்து பக்கத்தில் நின்றாலும் அவனுக்குத் தெரியாது. ஒருமுறை துரை அப்படி நின்று, பாவம், தானாகவே திரும்பிப் போனார்.

லிந்துலைக் கோயிலில் அவன் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். தாலியைக் கையில் வாங்கியவன் கட்டாமல் அப்படியே நின்றுவிட்டான். பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஜெனரேட்டர் மூச்சு வாங்குது, பில்டர்ல அழுக்கு. இப்ப நின்னுரும்" என்றான் மாப்பிள்ளை. "அது நிக்கட்டும், நீங்க கட்டுங்க" என்று தலையைக் குனிந்தபடியே சொன்னாள் மீனம்மா. மூன்றாவது முடிச்சும் மின்சாரம் போனதும் ஒன்றாக நடந்தன. அன்றிலிருந்து இன்றுவரை அந்த வீட்டில் மீனம்மா எதையும் குறைந்தது மூன்று தரம் சொல்கிறாள். முதல் இரண்டும் காற்றில் போய்விடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சிவசாமியின் தங்கை கிருஷாந்தியின் புருஷன் கணேசமூர்த்தி. லீக்ஸும் கரட்டும் ஏற்றி தலவாக்கலைக் கடைகளுக்குப் போடுகிற தொழில் அவனுக்கு. அதற்கென்று ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தான். பின்னால் தண்ணீர்க் குழாயை வளைத்து வெல்டிங் வைத்த பெரிய கரியர், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய மரப்பெட்டி. பெற்றோலுக்கு மைல்கணக்கில் வரிசை நின்ற அந்த வருஷத்தில் தொழில் படுத்துவிட்டது. கைக்குழந்தையை விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போக முடிவு செய்தான். குழந்தை லோஜினிக்கு அப்போது ஒன்பது மாதம்.

வண்டியை விற்கச் சொன்னவர்கள் பலர். அவன் கேட்கவில்லை. "இது நிக்கிற வரைக்கும் நான் திரும்பி வருவேன்னு எனக்கே ஒரு நம்பிக்கை மச்சான்" என்று சிவசாமியிடம் சொன்னான். சிவசாமி உடனே அவனைக் கூட்டிக்கொண்டு நேரே ரோதைமுனியிடம் போனான். ரோதைமுனி என்பது பெக்டரி மெஷின்களுக்குக் காவல் நிற்கும் எங்கள் சாமி. பெக்டரிக்குப் பின்னால் ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான். அங்கே சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான் சிவசாமி. "நீங்க வந்து ஏறுற வரைக்கும் ஒருத்தரும் இந்த வண்டியில ஏற மாட்டாங்க. நானும் ஏற மாட்டேன்" என்றான். எங்கள் ஊரில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் வண்டியை நிறுத்த இடம் ஏது? மழைத்தண்ணீர் வேறு ஒழுகும். மீனம்மா பிள்ளைக்காம்பராவில் ஆயா. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் தங்கள் பிள்ளைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். அந்தக் கட்டடத்தின் பின்பக்கத் தாழ்வாரம் நல்ல காய்ந்த இடம். வண்டியை அங்கே கொண்டுபோய், பெற்றோலை வடித்து, பட்டரியைக் கழற்றி, எலி புகாமல் சைலன்சர் வாயில் துணி அடைத்து, மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, தறப்பாள் போட்டு மூடினான். மரப்பெட்டியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போனான். மீனம்மா அதில் அரிசி போட்டு வைத்தாள். பிரசவ வார்டில்கூட அத்தனை பக்குவம் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறை கட்டாரிலிருந்து அழைப்பு வரும். "வண்டி எப்படி மச்சான்?" என்பான். "ஒரு ஈ கூட ஒக்காரல மாப்பிள்ள" என்பான் சிவசாமி. இரண்டே முக்கால் வருஷம் இதே கேள்வி, இதே பதில். இந்த வருஷம்தான் கணேசமூர்த்தி, "வர்ற வெள்ளிக்கிழம காலைல தோட்டத்துல நிப்பேன்" என்றான்.

முந்தின சனிக்கிழமை தறப்பாளை விலக்கினோம். நானும் கூட இருந்தேன்; இதற்கெல்லாம் ஒரு சாட்சி வேண்டாமா? புது ஓயில், புது பெற்றோல், சார்ஜ் ஏற்றிய பட்டரி. மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சிவசாமி கண்ணை மூடிக் கேட்டான். கல்யாணத்தன்றுகூட அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கண்டதில்லை. "குழந்த தூங்கி எழும்புன மாதிரி இருக்கு" என்றான். பிறகு எஞ்சினை நிறுத்தி, பெக்டரிக் குழாயடியில் கழுவலாம் என்று தள்ளிக்கொண்டு புறப்பட்டான். சத்தியம் இருப்பதால் ஏறி ஓட்டவில்லை.

பிள்ளைக்காம்பரா மேலே, பெக்டரி கீழே. நடுவில் இருப்பது நல்ல இறக்கம். வண்டியின் மூக்கு இறக்கத்தில் சாய்ந்ததும், கடகடகட, டக்.

சிவசாமி நின்றுவிட்டான். "இது என்னா?" என்றான். எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஓடாதபோதே சத்தம் வருவதால் எஞ்சின் மேல் குற்றமில்லை என்று முதலில் தள்ளுபடி செய்தான். பெக்டரி முற்றத்தில் ஸ்டாண்டைப் போட்டுச் சக்கரங்களைச் சுற்றிவிட்டான். ஸ்க்ரூடிரைவரை ஊன்றி காதை வைத்தான். ஒன்றுமில்லை. போதாததற்கு எஞ்சினையும் ஓடவிட்டுக் கேட்டான். வண்டி பரம சாதுவாக நின்றது. சரி, என்னமோ கல் தட்டியிருக்கும் என்று கழுவித் துடைத்து மேலே தள்ளினோம். ஏற்றம் தொடங்கியதும் கடகடகட, டக்.

அடுத்த நாள் செயின் கவரைக் கழற்றினான். அதற்கடுத்த நாள் இரண்டு சக்கரத்தையும் கழற்றி பிரேக் கட்டைகளைத் துடைத்து மாட்டினான். மட்கார்ட், நம்பர் பிளேட், டேங்க், சீட் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று சாக்கில் வரிசையாகப் படுத்தன, மறுபடி ஏறின. கரியரை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். அது பாறை போல அசையாமல் இருந்தது. நல்ல வெல்டிங் என்று பாராட்டிவிட்டுத் தாண்டிப்போனான். ஒவ்வொரு தரமும் முற்றத்தில் வண்டி வாய் திறக்காது. ரோட்டில் இறக்கினால் ஒரு கடகட, ஏற்றினால் ஒரு கடகட.

புதன்கிழமைக்குள் ஆள் பாதியாகிவிட்டான். பெக்டரியில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துபோனது. "பிட்டரய்யா, ரேடியோவ கழட்டிப் பாத்தீங்களா?" என்று ரோலர் பொடியன்கள் கேலி செய்தார்கள். வண்டியில் ஏது ரேடியோ! எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அவனைப் பார்த்தால் பாவமாக இருந்தது. சூடம் அணைத்து வாங்கிய வண்டியைப் பழுதாகத் திருப்பிக் கொடுப்பதா என்பதுதான் அவன் கவலை. ரிப்பேர் பெரிதா சிறிதா என்பதல்ல. அன்று சாயங்காலம் கணேசமூர்த்தி கட்டாரிலிருந்து கூப்பிட்டான். "வண்டி எப்படி மச்சான்?" "நல்லா இருக்கு" என்றான் சிவசாமி. ஈயைப் பற்றிய வாசகம் வரவில்லை.

மீனம்மா அந்த வாரம் முழுவதும் என்னமோ சொல்ல வந்துகொண்டே இருந்தாள். என் கண்முன்னாலேயே, "ஏங்க, அந்த வண்டியில புள்ளைங்க..." என்று தொடங்கினாள். "ம்" என்றான் சிவசாமி. "கேக்குறீங்களா?" "ம்." அவள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த "ம்"மை நம்பி அந்த வீட்டில் யாரும் பேச்சைத் தொடர்வதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் நான்தான் அவனை உட்கார வைத்தேன். "சிவசாமி, எங்க வருதுன்னு அஞ்சு நாளாத் தேடுற. எப்ப வருதுன்னு பாத்தியா?" என்றேன். கிளாக்கர் புத்தி, வேறென்ன. ஆனால் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பதினெட்டு வருஷமாக அவன் கேட்டதெல்லாம் கொங்கிரீட்டில் போல்ட் அடித்து நிறுத்திய மெஷின்கள். அவை மலை ஏறுவதில்லை, இறங்குவதில்லை. அதனால் இதையும் முற்றத்தில் நிறுத்தியே கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுபடி இருவரும் தள்ளினோம். இந்த முறை அவன் ஸ்க்ரூடிரைவரை இடுப்பில் செருகிவிட்டு சும்மா நடந்தான். இறக்கத்தின் தலைப்பில் ஒரு கடகட. அதற்குப் பிறகு கீழே வரும்வரை சத்தமே இல்லை. திரும்பி ஏறும்போது அடிவாரத்தில் ஒன்று. உச்சி வரை ஒன்றுமில்லை.

"லூசான நட்டுன்னா ரோட்டு நெடுக ஆடணும்ங்க. இது ஏத்தத்துல ஒருக்கா, எறக்கத்துல ஒருக்கா" என்றான் மெதுவாக. "கிளாக்கரய்யா, இது ஆடல. உருளுது."

"என்னா உருளுது?"

"அதான் தெரியல."

அப்படியே பிள்ளைக்காம்பராவுக்கு வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தோம். பிள்ளைகள் தூங்கி எழும்பிய நேரம். மூலையில் ஒரு சின்னது சிணுங்கிக்கொண்டிருந்தது. மீனம்மா அதைச் சமாதானப்படுத்த ஒரு பிளாஸ்டிக் போத்தலை எடுத்துச் சாய்த்தாள். கடகடகட, டக். மறுபக்கம் சாய்த்தாள். கடகடகட, டக்.

சிவசாமிக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. இரண்டே எட்டில் போய்ப் போத்தலைப் பிடுங்கினான். சின்னது வீறிட்டது. "இதுக்குள்ள என்னா?"

"தேயிலக் கொட்ட. வேற என்னா, தங்கமா?" என்றாள் மீனம்மா.

தேயிலைச் செடியை வெட்டாமல் விட்டால் காய்த்து, நெல்லிக்காயை விடச் சின்னதாய்க் கொட்டை விடும். நன்றாகக் காய்ந்தால் கல் மாதிரி. பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் கைவிட்ட தேயிலை மலையில் அது கொட்டிக் கிடக்கிறது. சிவசாமி போத்தலையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். அப்போது லோஜினி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். மூன்றரை வயது, ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்திருந்தது. வண்டியைக் கண்டதும் முகம் மலர்ந்து, நேரே கரியருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கையை நீட்டினாள். "மாமா, டிக்கெட்டு!"

"என்னா டிக்கெட்டு?"

லோஜினி கவுன் பையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்தாள். மரப்பெட்டியின் போல்டுக்காகக் கரியர் குழாயில் துளைத்திருந்த ஓட்டை, பெட்டி போன பிறகு மேலே பார்த்துத் திறந்தே கிடந்தது. அதில் கொட்டையைப் போட்டாள். டக்.

சிவசாமி தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்தேன், எனக்குச் சிரிப்பில் நிற்க முடியவில்லை.

மீனம்மா கதையைச் சொன்னாள். புதிதாக வருகிற பிள்ளைகள், தாய் கொழுந்துக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனதும் அழுது மூச்சு விட மாட்டார்களாம். தறப்பாளைக் கொஞ்சம் தூக்கி, வண்டியில் உட்கார வைத்து, "வா, அம்மாகிட்ட போவோம்" என்றால் அழுகை நின்றுவிடுமாம். இந்த வருஷம் லோஜினி முதல்தடவையாக ஹட்டனுக்கு பஸ்ஸில் போய் வந்தாள். அதிலிருந்து டிக்கெட் இல்லாமல் யாரையும் ஏற்றுவதில்லையாம்.

"கொட்டையெல்லாம் எங்க போவுதுன்னு நீ பாக்கலையா?"

"அதுங்க கீழ போட்டு வெளையாடுதுன்னு நெனச்சேன். நான் புள்ளைங்களப் பாப்பேனா, கொட்டையப் பாப்பேனா?"

"ரோதமுனி முன்னுக்குச் சூடம் அணச்சிருக்கேன், மீனம்மா! ஒருத்தரும் ஏற மாட்டாங்கன்னு!"

மீனம்மா இடுப்பில் கை வைத்தாள். "புள்ளைங்கள அதுல ஒக்கார வைக்கிறேன்னு மொத வாரமே சொன்னேன். நீங்க 'ம்'னு சொன்னீங்க. போன வருஷமும் சொன்னேன். அதுக்கும் 'ம்'. இந்த வாரம் மட்டும் நாலு தரம் வந்தேன். ரோதமுனிக்கு என்னா, நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும்."

சிவசாமி என்னைப் பார்த்தான். நான் சாட்சி, தலையை ஆட்டினேன். அவனுக்குக் கோபம் வரப் பார்த்தது, ஆனால் எங்கே போய் இறங்குவது என்று தெரியாமல் திரும்பிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவனே சிரிக்கத் தொடங்கினான். ஐந்து நாள் காய்ச்சல் இறங்கின சிரிப்பு அது.

பெக்டரி ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு வண்டியைத் தலைகீழாகப் பிடித்துக் கொட்டைகளைக் கொட்டினோம். அரை ஜாம் போத்தல் நிறைந்தது. லோஜினி கூடவே நின்று, தன் பஸ்ஸின் வருமானம் போகிறதே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சிவசாமி அதில் ஒரு பிடியை எடுத்துக்கொண்டு ரோதைமுனியிடம் போனான். கொட்டைகளைக் கல்லடியில் வைத்து, ஒரு தேங்காயை உடைத்து, "தப்பு என் காதுலதான், புள்ளைங்க மேல இல்ல" என்றான். பெக்டரி அந்தப் பக்கம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. சாமி ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை காலை வேன் வந்தது. கணேசமூர்த்தி இளைத்து, கறுத்து, புதுச் சட்டையில் இறங்கினான். கிருஷாந்தி அழுதாள், அவனும் அழுதான், அதெல்லாம் நல்லபடியாக நடந்தது. லோஜினிதான் வரவில்லை. போனில் பார்த்த அப்பா கையகலம்; இது பெரிய ஆள். அவள் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் பொம்மையை நீட்டினான், சொக்லட்டை நீட்டினான். இவள் இன்னும் உள்ளே போனாள். "விடுங்க, பழகிருவா" என்று எல்லோரும் சொன்னோம். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். ஆனால் கையில் நீட்டின பொம்மையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

வண்டியைக் கொடுக்கப் பிள்ளைக்காம்பராவுக்கு அழைத்துப்போனோம். வண்டி தாழ்வாரத்துக்கு வெளியே பளபளவென்று நின்றது. சிவசாமி ராத்திரி முழுவதும் மனப்பாடம் செய்த மன்னிப்பைத் தொடங்கினான். "மாப்பிள்ள, ஒரு விஷயம் சொல்லணும். ஒரு ஈ கூட ஒக்காரலன்னு சொன்னது பொய். வண்டியில..."

அதற்குள் பிள்ளைகள் வண்டியைக் கண்டுவிட்டார்கள். மீனம்மா பிடிப்பதற்குள் மூன்று பேர் சீட்டில், ஒருவன் டேங்கில். தாயின் சேலையிலிருந்து லோஜினி உருவிக்கொண்டு ஓடி, கரியருக்குப் பின்னால் தன் இடத்தில் நின்றாள். "ஏறுங்க ஏறுங்க! பஸ்ஸு பொறப்படப் போவுது!" பிறகு கணேசமூர்த்தியை நேராகப் பார்த்துக் கையை நீட்டினாள். "டிக்கெட்டு?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காசுத் தாளை எடுத்தான். லோஜினி தலையை ஆட்டினாள். சிவசாமி ஜாம் போத்தலிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான். "இதத்தான் வாங்குவா மாப்பிள்ள. அந்த ஓட்டையில போடுங்க."

போட்டான். டக்.

"எங்க போவணும்?" என்றாள் கண்டக்டர்.

"லோஜினி வீட்டுக்கு" என்றான் அவன்.

"இந்த பஸ்ஸு அங்க போவாது. இது கட்டாருக்குப் போற பஸ்ஸு. அப்பாவக் கூட்டியாரப் போவுது."

கணேசமூர்த்தி மண்ணில் முட்டி போட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்தான். "அப்பா வந்துட்டேன் சாமி" என்றான்.

லோஜினி அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, பல் வரிசை எல்லாவற்றையும் பார்த்தாள். பக்கத்தில் வந்தால் போனில் தெரிகிற அதே முகம்தான் என்று எப்போது புரிந்ததோ, சட்டென்று திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினாள். "எல்லாரும் எறங்குங்க! பஸ்ஸு வந்து சேந்துருச்சு!"

பிள்ளைகள் ஒழுங்காக இறங்கினார்கள். கிருஷாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். சிவசாமி வெட்கமே இல்லாமல் அழுதான். அவன் சந்தோஷத்தில் அழுது அதற்கு முன் நான் கண்டதில்லை.

கணேசமூர்த்தி மகளை டேங்கில் தனக்கு முன்னால் உட்கார வைத்து உதைத்தான். ஒரே உதையில் பிடித்தது. "ஓட்டைய அடச்சுத் தரட்டுமா மாப்பிள்ள?" என்று கேட்டான் சிவசாமி. "அடைக்க வேணாம் மச்சான். கொட்ட அதுலயே கெடக்கட்டும்" என்றான் அவன். மேல் லயத்துக்குப் போகும் ஏற்றத்தில் வண்டி ஏறியது. அடிவாரத்தில் குழாய்க்குள் அந்த ஒற்றைக் கொட்டை உருண்டது. லோஜினி சிரித்தது மேலே போகும்வரை கேட்டது.

சிவசாமி ரோட்டோரத்தில் கண்ணை மூடி நின்றான். உள்ளேயிருந்து மீனம்மா, "ஏங்க" என்றாள். ஒரே ஒரு தரம்தான், அதுவும் சின்னக் குரலில்.

"இந்தா வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான்.